குழந்தை மூளைங்கிறது சின்ன சைஸ்ல இருக்கற பெரியவங்க மூளை இல்ல

பேச்சு, காதுப் பிரச்சனைக்குத் தெரபி குடுக்கற எங்ககிட்ட இன்டர்ன்ஷிப் வர்ற ஸ்பீச் ஸ்டூடண்ட்ஸ் யாரும் நியூராலஜில சோடை போனவங்க இல்ல. பேச்சை உருவாக்கற புரோக்கா ஏரியா மூளையில எங்கன்னு கேட்டா இடது பக்கம், ஃப்ரன்டல் லோப், இன்ஃபீரியர் ஜைரஸ், மூளை மேப்ல ப்ராட்மேன் நம்பர் 44, 45ன்னு மூச்சு விடாம சொல்லுவாங்க. பேச்சைப் புரிஞ்சுக்கற வெர்னிக்கே ஏரியான்னு நான் முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள 22ன்னு பதில் வந்துரும். ஆனா கோத்தகிரிக்குக் கீழ ஒரு டீ எஸ்டேட்லேர்ந்து ரெண்டரை வயசுப் பையன் வந்து, ஒரு வார்த்தை பேசாம பொம்மை லாரியை உருட்டிக்கிட்டே உக்காந்திருந்தா, அந்த 44ஐயும் 45ஐயும் வச்சுக்கிட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம என் முகத்தைப் பாக்குறாங்க.

அதுக்குக் காரணம் இருக்கு. நாம படிக்கற அந்த மேப் முழுக்க பெரியவங்க மூளையிலேர்ந்து வந்தது. 1861ல பாரிஸ்ல பால் புரோக்கா பார்த்த லெபோர்ன்ங்கிறவருக்கு அப்ப 51 வயசு, முப்பது வயசுல பேச்சு போய் அதுக்கப்புறம் 'டான்' 'டான்'னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்த மனுஷன். 1874ல கார்ல் வெர்னிக்கே எழுதினதும் பெரியவங்களைப் பத்தித்தான். இவங்க எல்லாரும் ஒரு காலத்துல நல்லா பேசி, அப்புறம் மூளையில அடிபட்டுப் பேச்சை இழந்தவங்க. நம்ம முன்னாடி வந்து உக்கார்ற குழந்தைக்குப் பேச்சு இன்னும் வரவே இல்ல, அதுக்கான ரோடே இப்பதான் போட்டுக்கிட்டிருக்கு. இது ரெண்டும் வேற வேற பிரச்சனை. அதனால குழந்தைங்களைப் பாக்கப் போற ஸ்டூடண்ட்ஸ்கிட்ட நான் திரும்பத் திரும்பச் சொல்றது, எந்த இடம் எந்த வேலை பண்ணுதுங்கறதுக்கு முன்னாடி எது எப்ப ரெடி ஆகுதுன்னு படிங்க.

இதை நம்புறதுக்குக் கஷ்டமா இருந்தா ஒரு விஷயம் சொல்றேன். ஐம்பது வயசுல ஒருத்தருக்கு இடது பக்கம் பெரிய ஸ்ட்ரோக் வந்தா அஃபேசியா, அதாவது பேசறதும் புரிஞ்சுக்கறதும் பாதிக்கற நிலை, வரும், பல பேருக்குக் கடைசி வரைக்கும் கொஞ்சமாவது இருக்கும். அதே இடத்துல, பொறக்கற சமயத்துல ஒரு குழந்தைக்கு ஸ்ட்ரோக் வந்தா, அந்தக் குழந்தை பெரும்பாலும் பேசிரும். கொஞ்சம் லேட்டாகலாம், வலது கை வீக்கா இருக்கலாம், ஸ்கூல்ல பெரிய பெரிய வாக்கியங்கள்ல தடுமாறலாம், ஆனா பேசும். 2022ல எலிஸா நியூபோர்ட் குழு வெளியிட்ட ஆய்வுல இப்படிப்பட்ட பிள்ளைங்க டீன்ஏஜ் ஆனதுக்கப்புறம் ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க, மொழி வேலை வலது பக்கம், அதே இடத்துக்கு நேர் எதிர்ல நடந்துக்கிட்டிருந்துச்சு. 44, 45 போயும் பேச்சு வந்துருச்சு, ஏன்னா போன நேரம் வேற.

நீலகிரில வேலை பாக்கறவங்களுக்கு இது புத்தகத்தோட நிக்காது. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை நோய், சிக்கிள் செல் அனீமியா, இந்தியாவுல இருக்குன்னு வந்த முதல் பதிவுகள்ல ஒண்ணு நம்ம மலையிலேர்ந்து போனதுதான், 1952ல லேமன், கட்பஷ்னு ரெண்டு பேர் இங்க இருக்கற பழங்குடி மக்களோட ரத்தத்தைப் பார்த்து எழுதினாங்க. சிக்கிள் செல் இருக்கற குழந்தைக்கு ஸ்ட்ரோக் வர வாய்ப்பு இருக்கு, அதுவும் ஸ்கூல் போற வயசுக்கு முன்னாடியே. கை கால் இழுத்து, வாய் கோணி, பேச்சு குழறினா யாருக்கும் தெரிஞ்சுரும், ஓடிருவாங்க ஆஸ்பத்திரிக்கு. ஆனா சத்தமே இல்லாம வர்ற சின்னச் சின்ன அடைப்புகள் இருக்கு பாருங்க, அதுல கை கால் நல்லாத்தான் இருக்கும், பையன் மட்டும் முன்ன மாதிரி கவனிக்க மாட்டான், ரெண்டு வேலை சேர்த்துச் சொன்னா ஒண்ணைத்தான் செய்வான், டீச்சர் சோம்பேறின்னு சொல்லுவாங்க. கூடலூர், பந்தலூர் பக்கம் போஸ்டிங் கிடைச்சா, படிப்புல திடீர்னு இறங்கின பழங்குடிக் குழந்தை வந்தா, சிக்கிள் டெஸ்ட் எடுத்தாச்சான்னு முதல்ல கேளுங்க. ரெண்டு வயசுக்கு மேல டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர்னு ஒரு ஸ்கேன் பண்ணி யாருக்கு ஆபத்து அதிகம்னு முன்கூட்டியே பாக்க முடியும், அதுக்கு ரெஃபர் பண்ண சொல்லி டாக்டர்கிட்ட பேசலாம், நம்ம வேலை தெரபி மட்டும்தான்னு ஒதுங்கக் கூடாது.

சரி, எது எப்ப ரெடி ஆகுதுங்கறதுக்கு வர்றேன். உடம்புலயே ரொம்ப அதிசயமான ஒண்ணு காக்ளியா, உள்காதுல நத்தைக்கூடு மாதிரி இருக்கற கேக்கற உறுப்பு. பொறந்த குழந்தையோட மூளை 350லேர்ந்து 400 கிராம்தான் இருக்கும், பெரியவங்களுக்கு 1300, 1400 வரைக்கும் போகும். ஆனா காக்ளியா பொறக்கும்போதே பெரியவங்க சைஸ்ல இருக்கும். அம்மா வயித்துலயே, கடைசி மூணு மாசத்துல, குழந்தை சத்தத்துக்கு அசையும். 1980ல டீகாஸ்பர், ஃபைஃபர் பண்ண ஆய்வு ஒண்ணு இருக்கு, பொறந்து மூணு நாள்கூட ஆகாத குழந்தைங்க, வாயில வச்ச நிப்பிளை ஒரு விதமா சப்பினா அம்மா குரல் கேக்கும், வேற விதமா சப்பினா வேற பொம்பளை குரல் கேக்கும்னு வச்சப்போ, அம்மா குரலுக்காகத் தங்களோட சப்பற வேகத்தையே மாத்திக்கிச்சுங்க. இதை எத்தனை வாட்டி படிச்சாலும் எனக்கு மனசு நெகிழ்ந்துரும்.

ஆனா காது ரெடின்னா மூளை வரைக்கும் போற வழியும் ரெடின்னு அர்த்தம் இல்ல. மயலின்னு படிச்சிருப்பீங்க, நரம்பு மேல சுத்தற கொழுப்புப் படலம். மண்ரோடா இருந்த எஸ்டேட் வழிக்குத் தார் போட்டா ஜீப் எப்படிப் போகுமோ அப்படித்தான் சிக்னலோட வேகம் மாறும். காதுலேர்ந்து பிரெய்ன்ஸ்டெம், அதாவது மூளைத் தண்டு வரைக்கும் இந்த வேலை சீக்கிரமே ஆரம்பிச்சு, ஒன்றரை ரெண்டு வயசுக்குள்ள பெரியவங்க அளவுக்கு வந்துரும். சத்தத்துக்கு நரம்புல வர்ற மின் அலையை அளக்கற பெரா டெஸ்ட் ரிப்போர்ட்ல ஐந்தாவது அலை எத்தனை மில்லிசெகண்ட்ல வருதுன்னு பாக்கறோமே, மூணு மாசக் குழந்தைக்கு அது லேட்டாத்தான் வரும், அந்த வயசுக்கு அதுதான் நார்மல். பெரியவங்க நம்பரை வச்சுப் பார்த்து ஒரு அம்மாவைப் பயமுறுத்திராதீங்க. மேல கார்டெக்ஸ்ல, அதாவது மூளையோட வெளி அடுக்குல, கதை இன்னும் மெதுவா போகும். ஹட்டன்லோக்கர் 1997ல எழுதினதுல, சினாப்ஸ்ங்கற நரம்பு செல் இணைப்புகளோட எண்ணிக்கை கேக்கற பகுதியில மூணு மாசத்துலயே உச்சத்துக்குப் போகுது, ஃப்ரன்டல் பகுதியில பதினஞ்சு மாசத்துக்கு அப்புறம்தான். கேக்கற பகுதியையும் பேசற பகுதியையும் இணைக்கற நரம்புக் கட்டை ஆர்க்குவேட் ஃபாசிகுலஸ்னு பரீட்சைக்கு எழுதறோமே, அதுல புரோக்கா பக்கம் போற கிளை பொறந்த குழந்தைக்கு ஸ்கேன்ல தெரியறதே இல்ல, ஆனா வாயை அசைக்கற ப்ரீமோட்டார் பகுதிக்குப் போற கிளை இருக்கு. ஆறேழு மாசத்துல பாபாபா, மாமாமான்னு ஆரம்பிக்கற குழந்தை இலக்கணம் இல்லாம, அர்த்தம் இல்லாம, கேட்டதை வாயால தேடிப் பாக்குது. அந்தப் பாபாபா நல்லா கணீர்னு அசை அசையா வந்துச்சான்னு அம்மாகிட்ட கேளுங்க. காது கேக்காத குழந்தையும் முதல் சில மாசம் ஊ, ஆன்னு சத்தம் போடும், ஆனா அந்தப் பாபாபா லேட்டாகும். கேஸ் ஹிஸ்டரில இந்த ஒரு கேள்வி எவ்வளவோ சொல்லும்.

இப்ப அந்த லாரி உருட்டின பையன். அவனோட அம்மாயி சிலோன்லேர்ந்து வந்த குடும்பம், அறுபதுகள்ல போட்ட ஒப்பந்தத்துல இங்க வந்து எஸ்டேட்ல செட்டில் ஆனவங்க. "டாக்டரம்மா, காதெல்லாம் நல்லா கேக்கும் புள்ளைக்கி. கதவைப் படார்னு சாத்துனா திரும்புறான், கொழுந்து லாரி மேட்டுல ஏறுனா வாசலுக்கு ஓடுறான். அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்"னு அடிச்சுச் சொன்னாங்க. அவங்க சொன்னது எல்லாமே உண்மை. பையன் திரும்பறான்தான். நான் அவன் பின்னாடி போய், நிழல் விழாம, மூச்சுக் காத்து படாம உக்காந்து, கை தூரத்துல "ஊ"ன்னு கொஞ்சம் சத்தமா சொன்னேன், திரும்பினான். அதே இடத்துலேர்ந்து "ஸ்ஸ்ஸ்"னேன், லாரியை உருட்டிக்கிட்டே இருந்தான். பிஸ்கட் கவரைக் கசக்கினேன், எந்தக் குழந்தையும் விடாத சத்தம் அது, அவன் அசையவே இல்ல. தாழ்வான ஃப்ரீக்வென்சில காது இருக்கு, மேல போகப் போக இல்ல. லாரி இன்ஜின், கதவு, இடி, உயிரெழுத்துக்களோட பெரும்பகுதி எல்லாம் கீழ இருக்கு. ஸ, ஷ, ச, த எல்லாம் மேல இருக்கு. அவன் காதுக்கு 'சாதம்'ங்கறது நடுவுல நடுவுல ஓட்டை விழுந்த ஒரு 'ஆ..ம்'தான். இதைக் கேட்டுக்கிட்டு வளர்ற மூளை என்னத்தைத் திருப்பிச் சொல்லும்?

அம்மாயிக்கிட்ட வாதாடாம, அவங்களையே பின்னாடி உக்கார வச்சு அந்தக் கவரைக் கசக்கச் சொன்னேன். ரெண்டு வாட்டி கசக்கிட்டு அப்படியே வச்சுட்டாங்க. அடுத்த வாரமே டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சம்மதிச்சுட்டாங்க.

இந்த இடத்துல டைம் பத்தி நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும். உலகம் முழுக்க ஆடியாலஜில வச்சிருக்கற கணக்கு 1, 3, 6. ஒரு மாசத்துக்குள்ள ஸ்க்ரீனிங், மூணு மாசத்துக்குள்ள என்ன பிரச்சனைன்னு முடிவு, ஆறு மாசத்துக்குள்ள காது மெஷினும் தெரபியும். காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கற கருவி, தேவைப்படற குழந்தைக்கு நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வழி இருக்கு, ஆறு வயசுக்குள்ள இருக்கணும்ங்கறாங்க. இது ரொம்பப் பெரிய விஷயம், கூலி வேலை பாக்கற குடும்பம் கனவுலயும் நினைக்க முடியாத ஆபரேஷன். ஆனா ஊருக்குள்ள இது எப்படிப் போய்ச் சேருதுன்னா, ஆறு வயசு வரைக்கும் டைம் இருக்குன்னு. அது திட்டத்தோட எல்லை, மூளையோட எல்லை இல்ல. அனு ஷர்மா குழு 2002ல காமிச்சாங்க, மூணரை வயசுக்கு முன்னாடி இம்ப்ளாண்ட் வச்ச குழந்தைங்களுக்குக் கார்டெக்ஸ்லேர்ந்து வர்ற அலை சில மாசத்துல வயசுக்கு ஏத்த மாதிரி ஆகிருது, ஏழு வயசுக்கு மேல வச்சவங்களுக்குப் பெரும்பாலும் ஆகறதில்ல. சத்தம் வராத இடத்தை மூளை சும்மா வச்சுக்கிட்டு இருக்காது, பாக்கறதுக்கும் தொடுறதுக்கும் எடுத்துக்கும். ஸ்ட்ரோக் வந்த குழந்தைக்கு உதவின அதே குணம்தான் இங்க கதவைச் சாத்துது.

மஞ்சள் காமாலையைப் பத்தியும் ஒரு வார்த்தை. பொறந்த ரெண்டு மூணு நாள்ல குழந்தை மஞ்சளா இருந்தா வெயில்ல காட்டுங்கன்னு வீட்டுல சொல்லுவாங்க. ஆடி மாசத்துல ஊட்டில, குந்தாவுல வெயில் எங்க இருக்கு, வாரக்கணக்குல மேகம் வாசல்லயே நிக்கும். இருந்தாலும் பிலிருபின், அதாவது அந்த மஞ்சளுக்குக் காரணமான பொருள், ரத்தத்துல ரொம்ப ஏறின குழந்தைக்கு வெயில் வைத்தியம் இல்ல, ஆஸ்பத்திரில லைட்டுக்கு அடியில வைக்கணும், ரொம்ப ஏறினா ரத்தம் மாத்தணும். விட்டா அது போய்த் தாக்கற இடங்கள் அசைவைக் கட்டுப்படுத்தற பேசல் கேங்லியாவும் பிரெய்ன்ஸ்டெம்ல கேக்கற நரம்புக் கூட்டங்களும். அதனால கை கால் முறுக்கிக்கிட்டு வர்ற செரிப்ரல் பால்சியும் காதுப் பிரச்சனையும் ஒரே குழந்தைக்கு வரும். இங்கதான் ஸ்டூடண்ட்ஸ் கவனிக்கணும், இப்படிப்பட்ட குழந்தைக்கு ஓ.ஏ.ஈ. டெஸ்ட் பாஸ் ஆயிரும். ஓ.ஏ.ஈ. பாக்கறது காக்ளியாவோட வெளிப்பக்க ஹேர் செல்லை மட்டும்தான், அது நல்லா இருக்கு, அடிபட்டது அதுக்கு மேல. பெரா எடுத்தா அலையே இருக்காது. இதுக்குப் பேர் ஆடிட்டரி நியூரோபதி, காது பிடிச்ச சத்தம் நரம்பு வழியா சரியாப் போகாத நிலை. டிஸ்சார்ஜ் ஷீட்ல காமாலை, ரத்தம் மாத்தினதுன்னு இருந்தா ஓ.ஏ.ஈ. பாஸ் பேப்பரைப் பார்த்துத் திருப்தியாகி அனுப்பிராதீங்க, பெராவும் எடுக்கச் சொல்லுங்க.

மூளையிலேர்ந்து நேரா வர்ற கிரேனியல் நர்வ்ஸை எல்லாரும் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்றாங்க, பண்ணுங்க, வேணாம்ங்கல. ஆனா அஞ்சு, ஏழு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு இந்த அஞ்சையும் பால் குடிக்கற குழந்தையைப் பார்த்துக் கத்துக்கோங்க. தாடை இறங்கி ஏறுறது அஞ்சு, உதடு மூடிப் பிடிக்கறது ஏழு, நாக்கு அலை மாதிரி தள்றது பன்னிரண்டு, முழுங்கறதும் குரல்வளை மூடறதும் ஒன்பதும் பத்தும். சப்பறது, முழுங்கறது, மூச்சு விடறது மூணும் சேர்ந்து ஓடறதுக்கு வயித்துல சுமார் 34 வாரம் ஆகணும், அதுக்கு முன்னாடி பொறந்தா டியூப், அப்புறம் பாலாடைன்னு படிப்படியா வருவாங்க. வீட்டுக்குப் போனதும் பாட்டி சங்கை எடுத்து, அழற குழந்தைக்கு வாயில ஊத்துறது பாருங்க, அது எனக்குப் பயம். பால் குடிச்சதும் குரல் ஈரமா கரகரன்னு வருதா, மூச்சு வாங்குதா, அடிக்கடி நிமோனியான்னு அட்மிஷனா, இதெல்லாம் கேளுங்க. அழுகை காத்து மாதிரி மெல்லிசா இருந்தா இதய ஆபரேஷன் நடந்திருக்கான்னு கேளுங்க, குரல் நாணை அசைக்கற இடது பக்க ரெக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்பு பெருந்தமனியைச் சுத்தித்தான் மேல வருது, பி.டி.ஏ.ன்னு பொறந்ததுக்கப்புறமும் மூடாம இருக்கற ரத்தக் குழாயை மூடற ஆபரேஷன்ல அதுல அடிபடலாம். வசம்பைச் சுட்டுத் தேன்ல உரசி நாக்குல தடவுற பழக்கம் இங்கயும் இருக்கு. நாக்கு தடிச்சுருக்கு, அதான் பேசலன்னு நினைச்சுப் பாசத்துல செய்யறது. ஒரு வயசுக்கு முன்னாடி தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம்ங்கற விஷ நோய் வரலாம்னு தன்மையா சொல்லுங்க. நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கறதால ஒரு குழந்தை பேசாமலே இருக்கறது நடக்காது, சில எழுத்து சரியா வராம இருக்கலாம், அவ்வளவுதான்.

காதும் நல்லா இருக்கு, வாயும் நல்லா இருக்கு, இருந்தும் பேசலன்னா விரலைப் பாருங்க. ஒரு வயசு வாக்குல குழந்தை கை நீட்டிக் காட்டணும். குரங்கைக் காட்டிட்டு, நீங்களும் பார்த்தீங்களான்னு உங்க முகத்தைத் திரும்பிப் பாக்கணும். அந்தத் திரும்பிப் பாக்கறதுலதான் மொழி இருக்கு. அது இல்லன்னா வார்த்தைக்குப் பின்னாடி ஓடாதீங்க, சேர்ந்து பாக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க.

கடைசியா மொழி. நீலகிரில ஒரு குழந்தை வீட்டுல படகா மொழி, அங்கன்வாடில தமிழ், பக்கத்து வீட்டுல மலையாளம், கூடலூர் பஸ் ஸ்டாண்டுல கன்னடம்னு கேட்டு வளரும். பேச்சு லேட்னா உடனே எல்லாரும் குடுக்கற அட்வைஸ், வீட்டு மொழியை நிறுத்துங்க, ஒரே மொழியில பேசுங்க. மேல படிச்சவங்களே இதைச் சொல்றாங்க, எனக்குக் கோவம் வரும். ரெண்டு மொழி கேக்கறதால பேச்சுக் கோளாறு வராது. வார்த்தை எண்ணும்போது ரெண்டு மொழியிலயும் சேர்த்து எண்ணணும். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் 1984ல பார்த்தது ஞாபகம் இருக்கும், இங்கிலீஷ் மட்டும் கேட்ட கனடா குழந்தைங்க ஆறேழு மாசத்துல ஹிந்தியோட த, ட வித்தியாசத்தைப் பிடிச்சுதுங்க, ஒரு வயசு நெருங்கும்போது பெரும்பாலும் விட்டுட்டுதுங்க, ஏன்னா அவங்க காதுல அது விழவே இல்ல. நம்ம குழந்தைக்கு அந்த த, ட நிக்கறது வீட்டுல கேட்டதால. இங்க இருக்கற தோடா பழங்குடி மக்களோட மொழியில நாக்கை உதறிச் சொல்ற ர மட்டும் மூணு வகைன்னு ஒலியியல்காரங்க பதிவு பண்ணியிருக்காங்க, தோடா வீட்டுக் குழந்தை அந்த மூணையும் கேட்டுத்தான் வளரும். அந்த வீட்டுல பாட்டியை வாயை மூடச் சொல்லிட்டு, அம்மாவைத் தெரியாத இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசச் சொன்னா, குழந்தைக்குக் கிடைக்கற பேச்சே பாதியாயிரும், கதை, தாலாட்டு, திட்டு எல்லாம் போயிரும்.

அதனால ஹிஸ்டரி எடுக்கும்போது தாய்மொழின்னு ஒரே ஒரு கோடு போட்ட ஃபாரத்தை வச்சுக்காதீங்க. காலைல யார் எழுப்புறாங்க, எந்த மொழியில, அம்மா கொழுந்து எடுக்கப் போனா கிரெச்ல ஆயா என்ன பேசறாங்க, சாயங்காலம் யாரோட இருக்கான், போன் எவ்வளவு நேரம், இதைக் கேட்டு எழுதுங்க. தமிழ் டெஸ்ட்ல வீட்டு மொழியில இல்லாத ஒலியைச் சொல்லலன்னா அதைத் தப்புன்னு போடாதீங்க. பெரிய டெஸ்டுக்கு மைசூர்ல 1965லேர்ந்து இருக்கற, பேச்சுக்கும் காதுக்குமான ஆல் இந்தியா இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பறீங்கன்னா, சீட்டை மட்டும் எழுதிக் குடுத்து அனுப்பாதீங்க. மைசூர் போற பந்திப்பூர் காட்டு வழியை ராத்திரி 9 மணிக்கு மூடிருவாங்க, காலைல 6 மணிக்குத்தான் திறப்பாங்க. கைக்குழந்தையோட போறவங்க அன்னிக்கே திரும்பணும்னா எத்தனை மணி பஸ், இல்லன்னா ராத்திரி எங்க தங்கறது, பெராவுக்குக் குழந்தை தூங்கணுமே அதுக்கு எப்ப பால் குடுக்கறது, எதையெல்லாம் கையில எடுத்துட்டுப் போகணும்னு உக்காந்து பேசி, அந்தச் சீட்டுக்குப் பின்னாடியே தமிழ்ல எழுதிக் குடுங்க.